துண்டுக்கு அடியில் ஒரு விலை

மிஸ்ஸிடம் விலை கேட்டால் முதலில் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொள்வார். பிறகு மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பார். பிறகு, "டீ சாப்டுறீங்களா?" என்று கேட்பார். டீ வரும், கூடவே இரண்டு பிஸ்கெட்டும் வரும். விலை மட்டும் வராது. ஆம்பூரில் வெப்சைட் என்கிற வஸ்துவை முதன்முதலில் விற்றவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அது எவ்வளவு என்று அவர் வாயால் கேட்டவர் ஊரில் ஒருத்தரும் இல்லை.

கொஞ்ச காலம் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்ததால் அவர் மிஸ். அந்த வேலையை விட்டபிறகும் பட்டம் அவரை விடவில்லை. வெள்ளைத் தாடியை நீவிக்கொண்டே, தோல் பதனிடும் டேனரி முதலாளிகள், "இன்னா மிஸ், நல்லா கீறீங்களா?" என்று விசாரிப்பார்கள். அவரும் அந்தத் தாத்தாக்களை மூன்றாம் வகுப்புப் பையன்களைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். முப்பதைத் தாண்டிய வயது, காட்டன் புடவை, ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச், மற்ற நேரமெல்லாம் கம்ப்யூட்டர். இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை. பஜாரில் ஒரு மாடிப்படி ஏறினால் இடது பக்கம் அவர் அறை, வலது பக்கம் என் அறை. நான் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். டெலிபோன் இரண்டு பேருக்கும் பொது. இன்டர்நெட்டுக்கு அவர் அதை எடுத்துக்கொண்டால் எனக்கு யாரும் போன் செய்ய முடியாது. எத்தனை பேர் எனக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுக்க நினைத்துத் தோற்றார்களோ!

விலை சொல்லாத பழக்கம் தொழிலில் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருநாள் என் அம்மா கடைக்கு வந்தவள், மிஸ் கட்டியிருந்த புடவையைத் தொட்டுப் பார்த்து, "நல்லா இருக்கும்மா. எவ்ளோ ஆச்சு?" என்று சாதாரணமாகக் கேட்டாள். மிஸ் மின்விசிறியைப் பார்த்தார். "நல்ல வெலைதாம்மா" என்றார். அம்மாவுக்கு வந்ததே கோபம். வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. "ஒரு பொடவை வெலைய சொல்றதுல இன்னாடா மிலிட்டரி ரகசியம்?" என்று என்னைப் பிடித்துக் காய்ச்சினாள். கத்தரிக்காய் வாங்கும்போதும் மிஸ் அப்படித்தான். கூடைக்காரம்மா ஒரு விலை சொல்வாள். மிஸ் வாயே திறக்காமல், தான் கொடுக்க நினைக்கும் பணத்தைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டு நிற்பார். கூடைக்காரம்மா திட்டுவாள், கெஞ்சுவாள், ஏசுவைக் கூப்பிடுவாள். மிஸ் நிற்பார். கடைசியில் கத்தரிக்காய் வரும்.

இது எங்கிருந்து வந்தது என்றால், அவருடைய அப்பாவிடமிருந்து. அவர் பச்சைத்தோல் தரகர். பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று மண்டி மண்டியாக அலைந்தவர். எங்கள் பக்கத்துத் தோல் மண்டிகளில் அந்தக் காலத்தில் விலையை வாயால் பேசமாட்டார்கள். விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே உட்கார்ந்து கைகளின்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். ஆயிரமா பத்தாயிரமா என்பதை மட்டும் வாயால் சொல்வது. மற்றதெல்லாம் துண்டுக்கு அடியில், விரலைப் பிடித்து. ஒரு விரல் என்றால் ஒன்று, இரண்டு என்றால் இரண்டு, விரலின் நடுக்கணுவைப் பிடித்தால் அரை. கையை உருவிக்கொண்டால் இஷ்டமில்லை, எதிராளியின் விரலை இறுக மூடிவிட்டால் சம்மதம். சுற்றி நாலு பேர் நின்றுகொண்டிருந்தாலும் என்ன விலைக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது.

"வாயால சொன்ன வெலை இருக்குதே, அது வெயில்ல போட்ட தோலு மாதிரிப்பா" என்பார் மிஸ். "பொழுது சாயறதுக்குள்ள சுருங்கிப்புடும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தோலுக்காவது எடை உண்டு, அளவு உண்டு. வெப்சைட்டுக்கு என்ன இருக்கிறது? ஐந்து பக்கம், முதலாளி போட்டோ, டிரம்மில் தோல் சுற்றுகிற போட்டோ, கீழே ஒரு விலாசம். அதற்கு ஐயாயிரமா, ஐம்பதாயிரமா? கேட்கிற பாய்க்கும் தெரியாது, சொல்கிற மிஸ்ஸுக்கும் தெரியாது. பேர்ணாம்பட்டுக்காரருக்கு என்ன விலை என்று ஆம்பூர்க்காரருக்குத் தெரிந்துவிட்டால் அதோடு தீர்ந்தது.

ஆகவே துண்டு. அதில்தான் ஒரு சிக்கல். மிஸ் பெண்பிள்ளை. தோல்கார முதலாளிகள் மரியாதைப்பட்ட மனிதர்கள். அந்நியப் பெண்ணின் கையைத் துண்டுக்கு அடியில் பிடித்து விரல் எண்ணுவதை யாரும் கனவிலும் நினைக்கமாட்டார்கள். எனவே மிஸ்ஸுக்கு ஒரு கை தேவைப்பட்டது. அது என் கையாகப் போனது.

"உனக்கு இன்னா வேலைப்பா இப்ப?" என்று ஒரு மத்தியானம் கேட்டார்.

"சும்மாதான் மிஸ் கீறேன். உங்க இன்டர்நெட்டாலதான் போனே வரலையே."

"அப்ப கைய கழுவிட்டு வா."

நான் கையைக் கழுவினேன். தொழில் கூட்டு அவ்வளவு சுருக்கமாக ஆரம்பமானது. துண்டு அவருடையது, வெளுத்த நீலம், இஸ்திரி போட்டது. நான் முதலாளிக்கு எதிரே உட்காருவேன். மிஸ் பக்கத்து நாற்காலியில் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்திருப்பார். அவர் கண்ணாடியை மேலே தள்ளினால் நான் பிடித்த விலையிலேயே நிற்க வேண்டும். கழற்றித் துடைத்தால் ஒரு விரல் இறங்கலாம். இந்தப் பழக்கத்தைப் பெரிய முதலாளிகள் எவ்வளவு ரசித்தார்கள் என்று சொல்லி முடியாது. சிலருக்கு வெப்சைட் வேண்டியே இருக்காது. மண்டியில் விரல் பிடித்து எத்தனையோ வருஷமாகிவிட்டதே என்ற ஆசைக்காகவே வந்து உட்காருவார்கள். பேரம் முடிந்து துண்டை எடுக்கும்போது முகத்தில் அப்படியொரு பிரகாசம்.

விவகாரம் இளசுகளிடம்தான். வேலூரில் ஒரு ஷூ கம்பெனி. முதலாளியின் பேரன் சென்னையில் படித்துவிட்டு வந்து ஏசி அறையில் உட்கார்ந்திருந்தான். கொட்டேஷனை எழுத்தில் அனுப்பச் சொன்னான். மிஸ் அனுப்பினார். எத்தனை பக்கம், எத்தனை போட்டோ, எத்தனை நாளில் முடியும், பிழை வந்தால் எத்தனை மாதம் சரிசெய்து தருவோம் என்று எல்லாம் அழகாக இருந்தது. விலை என்ற இடத்தில் மட்டும் 'நேரில்' என்று இருந்தது. நேரில் என்னை அனுப்பினார். மிஸ்ஸுக்கு அன்று காய்ச்சல்.

நான் அவன் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பையிலிருந்து துண்டை எடுத்து விரித்தேன். அவன் டேபிளைத் துடைக்க வந்த ஆள் என்று நினைத்து டீ கப்பைத் தூக்கிக்கொண்டான்.

"கைய குடுங்க சார்" என்றேன்.

"எதுக்கு?"

"வெலை பேசத்தான்."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு மணியடித்தான். வாட்ச்மேன் வந்து என்னைக் கீழே கொண்டுபோய் விட்டான். மிஸ்ஸிடம் வந்து புலம்பினேன். அவர் போர்வைக்குள்ளிருந்தபடி, "கை எப்டி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். கையையே தரவில்லை என்றேன். "அப்ப வெலையும் படியாது" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்தக் கேள்வியை அவர் எல்லாப் பேரத்துக்குப் பிறகும் கேட்பார். கை எப்படி இருந்தது? குடியாத்தத்திலிருந்து லுங்கித் தறிக்காரர் ஒருவர் வந்தார். சொந்தத் தறி, கடன் தறி எல்லாம் சேர்த்து ஏதோ ஓட்டிக்கொண்டிருந்தவர். வெளிநாட்டில் லுங்கி விற்கலாம் என்று யாரோ அவருக்கு ஆசை காட்டிவிட்டார்கள். ஆயிரம் என்று வாயால் சொல்லிவிட்டு, மிஸ் சொன்னபடி நான் ஒரு கையின் ஐந்து விரலையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் கை வேர்த்துவிட்டது. என் விரலை விட்டு விட்டுப் பிடித்தார். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். எதையோ கண்டுகொண்டவர்போல அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார். மறுபடியும், இன்னொரு தடவையும். நான் இறங்கி இறங்கி ஒரு விரலுக்கு வந்து நின்றேன். தறிக்காரர் மூடிப் பிடித்துக்கொண்டார். அவர் போனபிறகு, "இதுல நமக்கு இன்னா மிஸ் மிஞ்சும்? கரண்ட் பில்லுக்குக்கூட காணாது" என்றேன். "டீ செலவு மிஞ்சும்" என்றார். அவருடைய ரகசிய விலை என்பது பணக்காரர்களைக் கறக்கிற தந்திரம் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஏழைக்கு வெட்கமில்லாமல் குறைப்பதற்கும் அதே துண்டுதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த நிமிஷம் அவரை எனக்கு ரொம்பவே பிடித்துப்போனது.

இனி அந்த அண்ணன் தம்பி கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாவிட்டால் மிஸ்ஸைச் சொன்னதாகாது.

பைபாஸ் பக்கம் பழைய டேனரி ஒன்று. அதை வைத்தவர் காலமாகிவிட்டார். பெரிய பாய், சின்ன பாய் என்று இரண்டு மகன்கள் சேர்ந்து நடத்தினார்கள். அவர்களுக்கு மிஸ் வெப்சைட் செய்தது, நான் கை கொடுக்க ஆரம்பித்த புதிதில். விலை பேசப் பெரிய பாய் வந்தார். பத்தாயிரக் கணக்கு. இரண்டரைக்குக் கீழே இறங்காதே என்று மிஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் மூன்று விரல் பிடித்தேன். பெரிய பாய் சிரித்துக்கொண்டே என் கையைத் திருப்பி, ஒரு விரலையும் இன்னொன்றின் நடுக்கணுவையும் பிடித்தார். ஒன்றரை. மிஸ் கண்ணாடியை மேலே தள்ளினார். நானும் உறுதியாகத்தான் இருந்தேன். ஆனால் பெரிய பாயின் கட்டைவிரல், யோசிக்கிறபோது தாடியைச் சொறியும் பழக்கமோ என்னவோ, என் உள்ளங்கையை மெதுவாகச் சொறிந்தது. எனக்கு உள்ளங்கையில் கூச்சம் ஜாஸ்தி. உடம்பெல்லாம் குறுகிக் கையை இறுக மூடிவிட்டேன்.

"மாஷா அல்லாஹ்!" என்று பெரிய பாய் துண்டைத் தூக்கினார். கைக்குள் கை மூடியிருந்தது. பேரம் முடிந்துவிட்டது.

படியிறங்கி அவர் போகும்வரை மிஸ் காத்திருந்தார். "ஏன்பா?" என்றார் பிறகு.

"கூச்சம் மிஸ்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பத்தாயிரம் நஷ்டப்பட்ட முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணி, கடைசியில் கண்ணில் நீர் வர வர மேஜையில் தலைவைத்துச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "இன்னொரு தடவை பேசிப் பாக்கலாமே மிஸ்" என்றேன். சட்டென்று சிரிப்பை நிறுத்தி, "கை மூடியாச்சு. அதோட ஆச்சு" என்றார். மறுநாள் ஒரு தேங்காய் நார் வாங்கிக் கொடுத்து, தினம் அதனால் உள்ளங்கையைத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். கூச்சம் போகவில்லை, தோல்தான் உரிந்தது.

வெப்சைட் நன்றாகவே வந்தது. அதன் பெயர், காலமான அவர்கள் அத்தாவின் பெயர். இன்டர்நெட்டில் ஒரு பெயரை யாராவது ஒருவர் தன் பேரில் பதிந்து, வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். கிரெடிட் கார்டு வேண்டும். ஊரில் அது யாரிடமும் இல்லை. மிஸ், பெங்களூரில் இருந்த தங்கையின் கார்டில் கட்டி, எல்லாருடைய பெயரையும் தன் பேரிலேயே பதிந்து வைத்திருந்தார். அது அவருக்கு உறுத்தல்தான். வேலை முடிந்ததும் ஒவ்வொருவரிடமும், "இது உங்க சொத்து. உங்க பேருக்கு மாத்தி வாங்கிக்குங்க, பாஸ்வேர்டு போட்டுத் தர்றேன்" என்று கெஞ்சுவார். ஒருத்தரும் அசையமாட்டார்கள். "பேஜார் பண்ணாதீங்க மிஸ். உங்ககிட்ட இருந்தா பேங்க் லாக்கர்ல இருக்கிற மாதிரி" என்று போய்விடுவார்கள். ஊரின் பாதி டேனரிகளுக்கு, இன்டர்நெட்டைப் பொறுத்தவரை, மிஸ்தான் முதலாளி. அவருக்கு மாத வாடகை கட்டவே திண்டாட்டம் என்பது வேறு விஷயம்.

பிறகு பெரிய பாய்க்கும் சின்ன பாய்க்கும் ஆகாமல் போய்விட்டது. காரணம் எனக்குத் தெரியாது, ஆளுக்கொன்று சொன்னார்கள். பெரியவர்கள் கூடிப் பாகம் பிரித்தார்கள். டேனரி அண்ணனுக்கு, ஷூவின் மேல்பாகம் தைக்கிற யூனிட் தம்பிக்கு. டிரம், தையல் மிஷின், வேன், தண்ணீர் டேங்கர் எல்லாவற்றையும் பிரித்தவர்கள் வெப்சைட்டை மறந்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரிகிற சாமானா, ஞாபகம் வருவதற்கு? அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை என்றானது.

அந்த நேரம் பார்த்து, வெப்சைட்டைப் பார்த்துவிட்டு வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று பெரிய ஆர்டர் கேட்டு எழுதியது. அத்தா பெயருக்குத்தான் எழுதியிருந்தார்கள். அந்தப் பெயர் யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் ஆர்டர் என்று இரண்டு பேருக்கும் பட்டது. பெரிய பாய் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"மிஸ், அத்தா பேர என் பேருக்கு மாத்திக் குடுங்க. மூத்தவன் நான்தானே? எவ்ளோன்னாலும் சரி" என்று துண்டைக் கேட்டார். "இது லட்சம்" என்றார் வாயால். துண்டுக்கு அடியில் ஒரு விரலைப் பிடித்தார். மிஸ் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நான் கையை உருவிக்கொண்டேன். மறுநாள் சின்ன பாய். "கடைசி வரைக்கும் அத்தாவ கூட இருந்து பார்த்தவன் நான் மிஸ்" என்று சொல்லிக் கையை நீட்டினார். ஒன்றரை விரல் பிடித்தார். அதையும் உருவிக்கொண்டேன். நான் உருவ உருவ, எதிராளி அதிகம் கொடுத்திருக்கிறான் என்று இவர் நினைத்தார், அவரும் அதையே நினைத்தார். இரண்டு விரலானது. இரண்டரையானது. ஒரு வெப்சைட் பெயருக்கு! என் வலது கை அண்ணனின் ரகசியத்தையும் தம்பியின் ரகசியத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு சாப்பிட்டது.

ஊர் சும்மா இருக்குமா? மிஸ் இரண்டு பேரையும் ஏலம் விடுகிறார் என்று பேச்சு கிளம்பியது. என்ன விலை என்று யாருக்கும் தெரியாததால் வாய்க்கு வந்த விலையைச் சொன்னார்கள். டீக்கடையில் பத்து லட்சம்வரை போய்விட்டது. சர்ச்சில் பக்கத்தில் உட்காருகிற அம்மாக்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். எங்கள் கட்டட முதலாளி சின்ன பாய்க்குச் சொந்தக்காரர். "ரூமை இடிச்சுக் கட்டலாம்னு இருக்கேன் மிஸ்" என்று இழுத்தார். பெரிய பாயின் மச்சான்கள் மூன்று பேர் செய்யச் சொல்லியிருந்த வேலையை நிறுத்திவிட்டார்கள். அண்ணனுக்குக் கொடுத்தால் தம்பி பக்கத்துப் பாதி ஊர் போகும். தம்பிக்குக் கொடுத்தால் மறு பாதி. கொடுக்காமல் இருந்தால் திருடி என்ற பெயர். அவர் அப்பா மண்டியில் அத்தனை வருஷம் கட்டிக் காத்த நாணயம், மகள் கையில் கிடந்து தவித்தது. மிஸ் சரியாகச் சாப்பிடவில்லை. டீ சொல்வதுகூட நின்றுபோனது.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த நேரம், இரண்டு பேரையும் வரச்சொன்னார். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. முதலில் சின்ன பாய் வந்து உட்கார்ந்தார். பின்னாலேயே பெரிய பாய். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நான் அப்பால வர்றேன் மிஸ்."

"உக்காருங்க" என்றார் மிஸ். அது மூன்றாம் வகுப்பு மிஸ்ஸின் குரல். அவர் உட்கார்ந்துவிட்டார். ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டார்கள்.

நான் வழக்கம்போலத் துண்டை எடுத்தேன். மிஸ் அதை என் கையிலிருந்து வாங்கி, மடித்து, மேஜை டிராயருக்குள் போட்டு மூடினார். மின்விசிறியைப் பார்க்கவில்லை. நேராக அவர்களைப் பார்த்தார்.

"உங்க அத்தா பேரோட வெலை" என்றார், "வருஷத்துக்கு ஐநூறு ரூபா."

இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து ஒரு தொகை வெளியே வந்து நான் கேட்டதில்லை. ஜன்னல் திறந்திருந்தது. படியில் என் கடைக்கு வந்த கல்யாண வீட்டார் வேறு நின்றுகொண்டிருந்தார்கள்.

"இன்னா சொன்னீங்க?" என்றார் பெரிய பாய்.

"ஐநூறு ரூபா. நான் கட்டுறது அவ்ளோதான். அதுக்கு மேல ஒரு பைசா கெடையாது. நீங்க ரெண்டு பேரும் துண்டுக்கு அடியில ஏத்திக்கினு போறீங்களே, அந்த வெலை என் கம்ப்யூட்டர்ல எங்கயும் இல்ல. யாருக்கு வேணும்? ஐநூறு ரூபாய வெச்சுட்டு எடுத்துக்கினு போங்க."

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த சின்ன பாய் எழுந்துவிட்டார். முகம் சிவந்துவிட்டது. "எங்க அத்தா பேரு ஐநூறு ரூபாயா? வார்த்தைய பார்த்துப் பேசுங்க மிஸ்! ஆம்பூர்ல அந்தப் பேருக்கு..." என்று விரலை நீட்டினார்.

"விடுடா" என்றார் பெரிய பாய்.

"எப்டிண்ணே விடுறது? லுங்கி வெலை சொல்ற மாதிரி சொல்றாங்க!"

"நான் பேசறேன், நீ உக்காரு." பெரிய பாய் தாடியைச் சொறிந்துகொண்டு மிஸ்ஸைப் பார்த்தார். "அப்ப அன்னிக்கு எங்ககிட்ட பதினஞ்சாயிரம் வாங்கினீங்களே, அது இன்னாத்துக்கு?"

"அது வேலைக்கு. இது பேருக்கு."

"ஐநூறு ரூபா சாமானுக்குப் பதினஞ்சாயிரமா? உனக்குத் தெரியுமாடா?"

"எனக்கு எங்கண்ணே தெரியும்? பேசினது நீதானே!"

இரண்டு பேரும் சேர்ந்து மிஸ்ஸைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் ஒன்று கேட்பார், தம்பி அதற்கு ஒத்து ஊதுவார். தம்பி கத்துவார், அண்ணன் அடக்குவார். பல மாதமாகப் பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் மிஸ்மேல் கொட்டினார்கள். மிஸ் வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற பையன்களைக் கேட்டுக்கொண்டிருப்பவர்போல உட்கார்ந்திருந்தார். கடைசியில் பெரிய பாய் ஒரு ஐநூறு ரூபாய் நோட்டை மேஜையில் அறைந்தார். "எங்க அம்மா பேருக்கு மாத்துங்க. இவனும் வேணாம், நானும் வேணாம்" என்றார். "ஆமா, அம்மா பேருக்கு" என்றார் சின்ன பாய். செருப்பு மாட்டும்போது தடுமாறிய அண்ணனின் தோளைத் தம்பி பிடித்துக்கொண்டார். திட்டிக்கொண்டே இரண்டு பேரும் ஒன்றாகப் படியிறங்கிப் போனார்கள்.

"ஒண்ணா போறாங்க மிஸ்" என்றேன் ஜன்னல் வழியாகப் பார்த்து.

"போகட்டும்."

"நம்ம பொழப்பு?"

"அதுவும்தான் கூடவே போகுது" என்றார் மிஸ். ரொம்ப நாளைக்குப் பிறகு கீழே டீ சொன்னார்.

அவர் சொன்னபடியேதான் ஆனது. கம்ப்யூட்டரை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்காத ஒரு வயதான அம்மா அந்த வெப்சைட்டுக்குச் சொந்தக்காரி ஆனார். ஆர்டரை அண்ணன் தோலாகவும் தம்பி தையலாகவும் பிரித்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆனால் கல்யாண வீட்டார் வழியாக விலை அன்று சாயங்காலமே ஊருக்குள் இறங்கிவிட்டது. வெப்சைட் ஐநூறு ரூபாயாம்! வேலைக்கு வேறு, பேருக்கு வேறு என்று நான் மூச்சுவிடாமல் விளக்கினேன். யார் கேட்டார்கள்? மிஸ்ஸுக்கு 'ஐநூறு ரூபா மிஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எத்தனையோ வருஷம் கெஞ்சியும் வராத முதலாளிகள் இப்போது ஆளுக்கொரு ஐநூறோடு படியில் வரிசை கட்டினார்கள். மிஸ் ஒவ்வொருவருக்கும் பெயரை மாற்றிப் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். புது வேலை கொடுக்க வந்தவர்கள் ஐநூறுக்கு மேல் வாய் திறக்கவில்லை. ஏழெட்டு மாதத்தில் மிஸ் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். எனக்கு அந்த அண்ணன் தம்பிமேல் வெகுகாலம் கோபம் இருந்தது. மிஸ்மேலும்தான். யாருடைய வீடோ ஒன்றுசேர அவர் எதற்குத் தன் கடையை மூட வேண்டும்?

பஸ் ஏற்றிவிடப் போனேன். பெட்டியை மேலே வைத்துவிட்டுக் கீழே இறங்கி ஜன்னலோரம் நின்றேன். கேட்கக்கூடாததைக் கேட்டேன்.

"சம்பளம் எவ்ளோ மிஸ்?"

அவர் கண்ணாடியைத் தொடவில்லை. அண்ணாந்து பார்க்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி பளிச்சென்று சொன்னார். நான் இன்னொரு தடவை கேட்டேன், காதில் சரியாக விழவில்லையோ என்று. அதே தொகைதான்.

"அவ்ளோதானா மிஸ்?"

"அவ்ளோதாம்பா" என்று சிரித்தார். பஸ் கிளம்பிவிட்டது.

அது எவ்வளவு என்று அம்மா கேட்டாள். டீக்கடையில் கேட்டார்கள். பெரிய பாயே ஒருமுறை வழியில் நிறுத்திக் கேட்டார். நான் இன்றுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை.